எத்தன பாகம், வாப்பா?

விடுமுறைக்கு ஊர் வந்த இரண்டாம் நாள். அஸர் தொழுதுவிட்டு ஊன்றுகோலைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்த சாச்சா, என் வாப்பாவின் தம்பி, சம்பளத்தைப் பற்றியும் கேட்கவில்லை, கல்யாணத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"கடலுக்குள்ள போனியாமே. எத்தன பாகம், வாப்பா?"

மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற எங்கள் பெரியபட்டினத்தில் கடலுக்குப் போகிறவர்கள் ஆழத்தை மீட்டரில் சொல்வதில்லை. இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம். ஏறக்குறைய 6 அடி. கயிற்றை அப்படி விரித்து விரித்துத்தான் அளப்பார்கள். 30 மீட்டரை மனசுக்குள்ளே மாற்றிப் பார்த்தேன்.

"பதினாறு பாகம் சாச்சா. அதுக்குக் கீழயும் போச்சு. தர தெரியல."

சாச்சா சங்குக்குப் போன காலத்தில் அவர் இறங்கிய ஆகப்பெரிய ஆழம் பத்து பாகம். தரை தெரியாத கடலில் அவர் இறங்கியதே இல்லை. சங்கு மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அது ஊர்ந்த தடத்தைத்தான் குளியாளி தேடுவான். தரை இல்லையென்றால் அவனுக்குக் கடலுக்குள் வேலையே இல்லை.

"தர இல்லாத கடல்ல என்னத்தப் பாத்த?"

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். திண்ணையில் சொல்லி முடிக்க நாலு நாள் ஆனது.

நான் மால்டாவில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். போய் ஐந்து வருஷம் ஆகிறது. மத்தியதரைக் கடலுக்கு நடுவில், சிசிலிக்குத் தெற்கே இருக்கிற சின்ன நாடு. அங்கிருந்து படகில் 25 நிமிஷம் போனால் கோசோ என்று இன்னொரு தீவு. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறை கடலுக்குள் சரிவாக இறங்குவதில்லை, வெட்டி நிறுத்தின மாதிரி நேராக இறங்குகிறது. உலகம் முழுக்க இருந்து முக்குளிக்கிறவர்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

வாப்பா மௌத்தானபோது எனக்கு ஏழு வயசு. அதற்குப் பிறகு கடலை எனக்குக் காட்டியது சாச்சாதான். எட்டு வயசில் வல்லத்தில் கூட்டிப் போய், இரண்டு பாகத் தண்ணீரில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னார். "மூச்ச அடக்கு. மேல வர்ற வரைக்கும் விடாத." அவர் சொன்ன முதல் பாடம் அது. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் அந்தப் பாடத்தில்தான் பிழைத்தார்கள்.

கோசோவில் சிலிண்டர் மாட்டி இறங்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். மூன்று மாசச் சேமிப்பு அதற்குப் போனது. முதல் வகுப்பில், தண்ணீரைத் தொடுவதற்கு முன்னாலேயே, பயிற்சியாளர் சொன்னது: எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே.

எனக்குப் புரியவில்லை. நீச்சல் குளத்தில், சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு முங்கியதும் என் நெஞ்சு தானாகவே பூட்டிக்கொண்டது. அவர் என் நெஞ்சில் இரண்டு விரலால் தட்டினார். விட்டேன். திரும்பப் பூட்டிக்கொண்டது. மறுபடி தட்டினார். கோசோவிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி அவர், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், அவருடைய தகப்பனாரும் மீன்பிடிக்கிறவர். அன்று சாயங்காலம் தனியாக உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் பலூன் படம் போட்டுக் காட்டினார்.

மேலே இழுத்த மூச்சோடு இறங்கினால், 10 மீட்டரில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். 30 மீட்டரில் கால்வாசி. ஏறி வரும்போது அது பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான். மேலே கொண்டுபோனது மேலே திரும்பி வருகிறது. அதனால்தான் சங்கு குளித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கியும் நெஞ்சு கிழியாமல் இருந்தார்கள். ஆனால் சிலிண்டரிலிருந்து கீழே இழுக்கிற மூச்சு அப்படி இல்லை. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்தால், மேலே வரும்போது அது இரண்டு நெஞ்சு கொள்கிற காற்று ஆகிவிடும். அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே எனக்கு எங்கள் கடற்கரையின் கம்ப்ரசர் நினைவுக்கு வந்தது. லாரி டயருக்குக் காற்றடிக்கிற மாதிரியான எந்திரம் வல்லத்தில் ஓடும். அதிலிருந்து ஒரு குழாய் தண்ணீருக்குள் போகும். அதைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே மணிக்கணக்கில் நடப்பார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் குழாயை நீளமான ஒரு மூச்சு என்று நினைத்தார்கள். முன்னே ஒரு நிமிஷம் இருந்த மூச்சு இப்போது மூன்று மணி நேரம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தார்கள். அது வேறு காற்று என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. சாச்சாவுக்கும் சொல்லவில்லை.

அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சாச்சா கேட்ட தரையில்லாத கடல், அதன் சுவர்.

கோசோவின் மேற்குக் கரையில் த்வெய்ரா என்று ஓர் இடம். அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த பெரிய பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்துவிட்டது. நான் போனபோது அது இல்லை. அதன் பாறைத் துண்டுகள் ஒவ்வொன்றும் வீடு அளவுக்குக் கடலடியில் கிடக்கின்றன. பக்கத்திலேயே ப்ளூ ஹோல் என்று ஒரு பாறைக் கிணறு. ஆழம் சுமார் 15 மீட்டர், எட்டு பாகம். அதற்குள் இறங்கி, பாதி ஆழத்தில் இருக்கும் ஒரு பெரிய ஜன்னல் வழியாக வெளிக்கடலுக்குப் போகலாம். அடியில் ஒரு குகை. என் முதல் குகை அதுதான், அகலமான வாய், உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் வாசல் நீலமாகத் தெரியும். அந்த நீலம் கண்ணிலிருந்து மறையாத தூரம்தான் எங்களுக்கு அனுமதி. அதற்கு மேல் உள்ளே போக வேறு படிப்பு, வேறு கருவிகள்.

அந்த ஊர்ப் பாஷையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குகையைக் காட்டிப் பயிற்சியாளர் 'ஆர்' என்றார். எழுதிக் காட்டச் சொன்னேன். ஆங்கில எழுத்தில் எழுதினார், அதில் சத்தமில்லாத ஓர் எழுத்து முன்னால் இருந்தது. அரபியில் 'ஃகார்'. நான் மதரஸாவில் ஹிரா குகையைப் பற்றிப் படித்தபோது ஓதிய அதே சொல். கடலுக்கு 'பஹர்'. தண்ணீருக்கு 'இல்மா'. இறைவனைக் கத்தோலிக்கர்களான அவர்கள் 'அல்லா' என்றே அழைக்கிறார்கள். இதைச் சொன்னபோது சாச்சா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஆளுங்க அங்கிட்டும் போயிருக்காங்க," என்றார். அரபிகள் ஆண்ட தீவுதான் அது, அவர்கள் விட்டுப்போன பாஷை இலத்தீன் எழுத்தை உடுத்திக்கொண்டு இன்னும் புழங்குகிறது. எனக்கு அந்தக் கடல் அன்னியமாக இல்லாமல் போனதற்கு இந்த நாலைந்து சொற்களும் காரணம்.

ப்ளூ ஹோலுக்குக் கொஞ்சம் வடக்கே, மலையால் சூழ்ந்த ஒரு குளம். கூழாங்கல் கரை, படகு நிறுத்துகிற சின்னச் சின்ன அறைகள். இன்லேண்ட் ஸீ என்கிறார்கள். உண்மையில் அது ஒரு காலத்தில் பெரிய குகை. கூரை இடிந்து விழுந்ததால் குளமாகிவிட்டது. குளத்தின் கோடியில் மலையைக் குடைந்துகொண்டு ஒரு சந்து, ஏறக்குறைய 80 மீட்டர் நீளம், அந்தப் பக்கம் வெளிக்கடல். நான் சாச்சாவுக்கு இப்படிச் சொன்னேன்: உள்ளே நம்ம பெண்கடல், வெளியே ஆண்கடல், நடுவில் ஒரு சந்து. ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே பாக் கடலைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். அவருக்கு உடனே பிடிபட்டது.

மே மாதம். தண்ணீர் 18 டிகிரி. எங்கள் கடல் 28, 29 டிகிரியில் இருக்கும்; அதில் வளர்ந்த உடம்புக்கு 18 என்பது எலும்பில் ஊசி. தடித்த வெட்சூட்டுக்குள்ளும் முதுகில் ஒரு கோடாகக் குளிர் இறங்கியது. அந்தக் கடலில் உப்பும் அதிகம், இடுப்பில் கூடுதலாக ஈயக்கட்டி கட்டினால்தான் உடம்பு அமிழும்.

சந்துக்குள் நுழையும்போது மூன்று மீட்டர் ஆழம் இருந்திருக்கும். மேலே சுற்றுலாப் படகுகள் போய் வந்துகொண்டிருந்தன, அவற்றின் இயந்திரச் சத்தம் பாறை இரண்டு பக்கமும் மோதி நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அதனால் சுவர் ஓரமாகவே, அடியை ஒட்டியே போக வேண்டும். போகப் போக அடி சரிந்துகொண்டே போனது. நடுவில் ஓர் இடத்தில் முன்னும் இருட்டு, பின்னும் இருட்டு. டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் உலகம் இருந்தது.

அந்த வட்டத்துக்குள் ஒரு மீன். விரல் நீளம்தான் இருக்கும். செக்கச் சிவப்பு, கண்ணில் வெள்ளைக் கோடு. டார்ச்சை விலக்கினால் அது சாம்பல் நிற நிழல். திருப்பினால் மறுபடி சிவப்பு. தண்ணீர் முதலில் தின்கிற நிறம் சிவப்புதான். பத்து மீட்டருக்குக் கீழே ரத்தமே பச்சையாகத் தெரியும். அந்த மீனும் அதன் கூட்டமும் யாருக்கும் தெரியாத நிறத்தை உடுத்திக்கொண்டு அந்தப் பாறை இடுக்கில் வாழ்நாள் முழுக்க இருக்கின்றன. நான் டார்ச்சை மூன்று தடவை விலக்கித் திருப்பிப் பார்த்தேன். பிறகு அவற்றைத் தொந்தரவு பண்ணுகிறோமே என்று விட்டுவிட்டேன்.

சந்தின் கடைசியில் ஒரு கீற்று தெரிந்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு பாதி திறந்த கதவு மாதிரி, அப்புறம் மலை உயரத்துக்கு நீலம். அந்த நீலத்துக்கு எனக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை. கருநீலம் இல்லை, வான நீலமும் இல்லை. எங்கள் வீட்டில் உம்மா வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் விட்டதும், கலக்குவதற்கு முன்னால், சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு நீலம் நிற்குமே, அது.

வெளியே வந்தோம். இடது பக்கம் சுவர்.

மேலே பார்த்தேன், சுவர். பக்கத்தில் பார்த்தேன், சுவர். கீழே பார்த்தேன். சுவர் போய்க்கொண்டே இருந்தது. 50 மீட்டருக்கும் கீழே எங்கேயோ தரை இருப்பதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். கண்ணுக்கு அது இல்லை. என் துடுப்புக் கால்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

எங்கள் கடலில் எப்போதும் காலுக்குக் கீழே ஏதாவது இருக்கும். மண், பவளப் பாறைத்திட்டான பார், கடல்புல், ஒரு பழைய வலை. பாக் கடலில் பெரும்பாலான இடம் 10 மீட்டர் கூடக் கிடையாது. 20,000 வருஷத்துக்கு முன்னால், பூமியில் பனி உறைந்து கடல் மட்டம் 120 மீட்டர் இறங்கியிருந்த காலத்தில், அந்த இடமெல்லாம் நடந்து போகிற நிலம். இங்கிருந்து இலங்கைக்குக் கால் நனையாமல் போகலாம். அதே காலத்தில் கோசோவின் இந்தச் சுவர் வெயிலில் நின்ற ஒரு மலைச்சரிவு. என் கால் தரையுள்ள கடலில் வளர்ந்த கால். அது தரையைத் தேடியது. கிடைக்காததும் என் மூச்சு ஓடத் தொடங்கியது.

பயம் என்று எனக்குத் தெரியவில்லை. வேகமாக மூச்சு விடுகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருந்தன, பவளப் பூச்சிகள். பாறை துருத்திக்கொண்டிருந்த இடங்களில், அடிப்பக்கத்தில், வெளிச்சமே படாத நிழலில், மஞ்சள் நிறத்தில் இன்னொரு கூட்டம் தலைகீழாகத் தொங்கியது. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, சுற்றிலும் மெல்லிய கைகள். எங்கள் பார்களில் பவளம் வெயிலைப் பார்த்து மேல்நோக்கி வளரும். இங்கே உயிர்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிழலில் குடியிருக்கின்றன. அந்தச் சுவரே, மேல் ஓட்டில், செந்நிறக் கல்பாசி அடுக்கடுக்காகப் படிந்து கட்டியது. எங்கள் ஊர்ப் பெண்கள் முங்கி முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் செம்பாசி இனம்தான். அதன் சொந்தக்காரப் பாசி ஒன்று அங்கே உட்கார்ந்து கல்லாகி, ஆயிரக்கணக்கான வருஷமாகச் சுவர் கட்டுகிறது. நான் இதைத்தான் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் ஒரு பூ என்று போய்க்கொண்டிருந்தேன்.

யாரோ சிலிண்டரைப் பிடித்து நிறுத்தினார்கள். பயிற்சியாளர். என் மணிக்கட்டை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். அதில் கட்டியிருந்த, ஆழத்தையும் நேரத்தையும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. 33.4 மீட்டர். எனக்கு அனுமதி 30. மேலே 120 நிமிஷம் வருகிற 2,400 லிட்டர் காற்று, 30 மீட்டரில் 30 நிமிஷம்தான் வரும், அதுவும் நிதானமாக மூச்சு விட்டால். நான் ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் எனக்கு இருந்தது அதில் பாதி. அவர் ஒன்றும் சைகை செய்யவில்லை. தன் நெஞ்சில் கை வைத்து, மெதுவாக விட்டு, மெதுவாக இழுத்துக் காட்டினார். விட்டு. இழுத்து. அவரைப் பார்த்து நானும். ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு சுவர் நின்றது. அதுவரை அது ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

திரும்பினோம். சுவர் இப்போது வலது பக்கம். சந்துக்குள் திரும்ப வந்தபோது கூரையில் எங்கள் மூச்சுக் குமிழிகள் சேர்ந்து, ஈயத்தை உருக்கி ஊற்றினது மாதிரி பளபளவென்று ஓடின. ஒரு ரொம்பப் பெரிய கலவா தன் பொந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்தது. எங்கள் பக்கம் அந்த அளவு கலவா என்றால் ஏலத்தில் எத்தனை விலை போகும் என்று கை தானாகக் கணக்குப் போட்டது. அங்கே அது ஒரு வயசானவர் மாதிரி நின்றது.

குளத்துக்குள் வந்ததும் 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றோம். கூழாங்கல் தரை பக்கத்திலேயே இருந்தது, தலைக்கு மேலே வெயில் தெரிந்தது, குளிரில் பல் அடித்தது. ஏறிவிடலாம். ஆனாலும் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுதேன்.

ஏன் என்று சாச்சாவிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

2003, சுனாமிக்கு முந்தின வருஷம். சாச்சா கம்ப்ரசரில் போய்ப் பத்து பாகத்தில் காலையிலிருந்து மதியம் வரை இருந்தார். நல்ல சங்கு. ஏறினார், டீ குடித்தார், திரும்ப இறங்கினார். எங்களுக்குப் பாடத்தில் கொடுத்த அட்டவணையில், பத்து பாகம், அதாவது 18 மீட்டரில், ஒரு தடவைக்கு 56 நிமிஷம். இரண்டாவது தடவை அதையும்விடக் குறைவு. அழுத்தத்தில் இழுக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து நிற்கும், மெதுவாக ஏறினால் வந்த வழியே மூச்சில் வெளியேறும், சட்டென்று ஏறினால் உள்ளேயே குமிழி கட்டும். குமிழி மூட்டில் கட்டினால் வலி. தண்டுவடத்தில் கட்டினால் கால்.

சாச்சா மேலே வந்து வல்லத்தில் உட்கார்ந்தபோது காலில் எறும்பு ஊர்கிறது என்றாராம். கரைக்கு வரும்போது ஊரவில்லை, காலில் உணர்வே இல்லை. கூட இருந்தவர்கள் கீழே இருந்து வந்தது கீழே போனால் சரியாகும் என்று மறுநாள் திரும்ப இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போன ஒரு மருத்துவமனையில் வாதம் என்றார்கள், ஊசி போட்டார்கள். எண்ணெய் தடவினார்கள். கடலுக்குள் இருந்து வந்தவர் என்பதை ஒருத்தரும் கேட்கவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் சுத்த ஆக்சிஜன், அதன் பிறகு அழுத்த அறை, இதுதான் இதற்கு வைத்தியம். மால்டாவில் அரசு மருத்துவமனையிலேயே அந்த அறை இருக்கிறது, எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். ஒரு பெரிய இரும்பு உருளை, உள்ளே நாற்காலிகள். நான் அதன் வாசலில் நின்று அந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று நிமிஷம், 5 மீட்டரில். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய தூரம். அவருக்கு எட்டு வயசில் யாராவது அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், எனக்கும் அவர் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள் மச்சான் வத்தையில் கூட்டிப் போனார். தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் போகக் கூடாது, அதற்கு இப்பாலேயே நின்றோம். சாச்சா வரவில்லை. வாடைக்காற்று, எங்கள் தென்கடல் அமைதியாக இருந்தது. கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு இரண்டு பாகத்தில் முங்கினேன். கலக்கு. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது. 2016 வெயிலில் வெளுத்துச் செத்த பவளம், அதன் மேல் சேறு, சேற்றில் கடல்புல். புல்லுக்குள் ஓரா மீன் கூட்டம் ஒன்று திரும்பியதும் எல்லாம் சேர்ந்து ஒருமுறை மினுங்கி மறைந்தன. எனக்கு அந்த மினுக்கம் போதும் என்று இருந்தது.

சாயங்காலம் சாச்சாவிடம், "அங்க தண்ணி முப்பது மீட்டர் தூரம் கண்ணாடி மாதிரி தெரியும் சாச்சா," என்றேன்.

"தெளிஞ்ச தண்ணியில தீனி ஏது? பாவம்," என்றார்.

உண்மைதான். மத்தியதரைக் கடல் அவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணம் அதில் மிதக்கிற உணவு குறைவு என்பதே. பாடத்தில் படித்த இதை அவர் கரையில் உட்கார்ந்தே சொன்னார்.

மச்சான் மகன், 19 வயசு, இப்போது கம்ப்ரசரில் போகிறான். அவனையும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரையும் திண்ணைக்கு வரச் சொன்னேன். போகாதே என்றுதான் முதலில் சொன்னேன். அது சட்டப்படியும் தப்பு, எண்ணெய்ப் புகை கலந்த காற்று நெஞ்சுக்கும் கேடு. அவர்கள் தலையை ஆட்டினார்கள், அந்த ஆட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாளைக்கே இறங்குவார்கள். அதனால் மற்றதையும் சொன்னேன். எத்தனை பாகத்துக்கு எத்தனை நிமிஷம் என்று. குழாயைக் கடித்திருக்கும்போது மூச்சை அடக்காதே என்று. ஏறும்போது உன் சின்னக் குமிழியை விட வேகமாக ஏறாதே, மூன்று பாகம் மிச்சம் இருக்கும்போது கயிற்றைப் பிடித்து மூன்று நிமிஷம் நில் என்று. காலில் எறும்பு ஊர்ந்தால் திரும்ப இறங்காதே, படுத்துக்கொள், ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் கடலுக்குள் காற்று இழுத்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல், ஆக்சிஜன் கேள் என்று. ஒருத்தன் அதை போனில் பதிந்துகொண்டான். இந்தக் கரையில் குழாய் கடிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வேண்டியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நாலாம் நாள், கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், சாச்சாவிடம் அந்த டைவின் படத்தைப் போனில் காட்டினேன். கம்ப்யூட்டர் அதுவாகவே வரைந்து வைத்திருக்கிற கோடு. இடது மூலையில் மேலே தொடங்கி, சந்து முழுக்கச் சரிந்து, சுவரில் ஒரு பள்ளமாக விழுந்து, திரும்ப ஏறி வருகிறது. விரலால் அந்தக் கோட்டின் மேலேயே போனார். பள்ளத்தில் நின்றார்.

"இதான் தப்புப் பண்ணுன எடமா?"

"ஆமா சாச்சா."

விரல் ஏறியது. மேலே தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், கோடு ஏறாமல் தட்டையாக ஓடுகிற சின்ன இடத்தில் நின்றது.

"இது என்ன, இங்கன ஒரு படி மாதிரி?"

"அதான் சாச்சா, அஞ்சு மீட்டர்ல நின்ன மூணு நிமிஷம்."

அந்தப் படியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இருந்தார். திரை அணைந்துவிட்டது. நான் திரும்பத் தட்டி வெளிச்சம் போட்டுக் கொடுத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை. பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியதும்தான் போனை என் கையில் கொடுத்துவிட்டு ஊன்றுகோலை எடுத்தார்.

இரண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

"அந்தச் செவத்தத் தொட்டுப் பாத்தியா?"

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க சாச்சா. அதெல்லாம் உயிரு."

யோசித்தார்.

"நானு தொட்டிருப்பேன் வாப்பா," என்றார். "ஒரு விரலால."